ஏபிஎஸ் யூனிட் புதிது, 60 ஓம் சரி, ஆனாலும் யு0121 போகவில்லை

கரூர்_பட்டறை | ஞாயிறு, இரவு 9.42

வணக்கம். கரூரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பத்து நாளாக ஒரு வண்டி என் தூக்கத்தைக் கெடுக்கிறது. டீசல், மேனுவல் கியர், 2019 மாடல், 71,000 கிலோமீட்டர். கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் தலையில் கட்டுகிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

காலையில் வண்டியை எடுத்துத் தெருமுனை திரும்புவதற்குள் ஸ்பீடாமீட்டர் முள் சட்டென்று சைபருக்கு விழுகிறது. ஏபிஎஸ், ஸ்டியரிங், ஹில் ஹோல்டு விளக்குகள் மூன்றும் ஒன்றாக எரிகின்றன. ஸ்டியரிங் கொஞ்சம் கனத்துப்போகிறது. சில நாள் பத்து நொடியில் தானாகவே சரியாகிவிடும். சில நாள் சாவியை அணைத்துப் போட்டால்தான் அடங்கும். வேகத்தடை ஏறி இறங்கும்போதும் ஒன்றிரண்டு முறை வந்திருக்கிறது. இன்ஜின் மட்டும் ஒருமுறைகூட நிற்கவில்லை.

இன்ஜின் இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), ஸ்டியரிங், மீட்டர், பிசிஎம் (பாடி கன்ட்ரோல் மாட்யூல்) நான்கிலும் ஒரே கோட்: யு0121. ஏபிஎஸ்ஸுடன் தொடர்பு இல்லை என்று நான்கும் ஒரே குரலில் சொல்கின்றன.

என்னிடம் வருவதற்கு முன்பே வேறொரு இடத்தில் ஏபிஎஸ் யூனிட்டை மாற்றிவிட்டார்கள். 46,000 ரூபாய். கோடிங், பிரேக் ஏர் எடுப்பது எல்லாம் முறையாகச் செய்திருக்கிறார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் பழைய கதை.

நான் பார்த்தவை: பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி கப்ளரில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவே 60.8 ஓம். பியூஸ்கள் சரி. ஏபிஎஸ் கப்ளரைக் கழற்றிப் பார்த்தேன், தண்ணீரும் இல்லை, பச்சையும் பூக்கவில்லை. எர்த் பின்னிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 0.4 ஓம், மீட்டர் பீப் அடிக்கிறது. ஏபிஎஸ் கப்ளர் படம் இணைத்திருக்கிறேன். இனி எங்கே பார்ப்பது?

ஸ்கேன்_மாஸ்டர் | ஞாயிறு, இரவு 10.05

60 வந்துவிட்டது என்றால் பஸ் சுத்தம். நான்கு பேர் சேர்ந்து ஒருவரைக் கை காட்டினால் அவர்தான் குற்றவாளி. போட்டது புது யூனிட்தானா, ரீகண்டிஷனா என்று விசாரியுங்கள்.

பழைய_எர்த்து | ஞாயிறு, இரவு 10.31

தம்பி, இரண்டே கேள்வி.

ஒன்று, மற்ற நான்கும் ஏபிஎஸ்ஸைப் பற்றி என்ன சொல்கின்றன என்று எழுதிவிட்டீர்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் என்ன கோட் இருக்கிறது என்று எழுதவில்லையே? அதைத் திறந்து பார்த்தீர்களா?

இரண்டு, வண்டி முன்பக்கம் இடிபட்டதா?

டெல்டா_டிரைவர் | திங்கள், காலை 6.50

நான் மெக்கானிக் இல்லை, வண்டி ஓட்டுகிறவன். 60 ஓம், 6, 14 என்று எல்லாரும் பேசுகிறீர்களே, அது என்ன என்று யாராவது புரியும்படி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

டூயல்_சேனல் | திங்கள், காலை 8.15

சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

வண்டிக்குள் இன்ஜின், பிரேக், ஸ்டியரிங், மீட்டர் என்று ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் இழுத்தால் வயரிங் கிட்டின் எடையே வண்டியை அமுக்கிவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஜோடி வயர். அதுதான் கேன் பஸ். போஷ் நிறுவனம் 1986இல் டெட்ராய்ட்டில் வெளியிட்ட முறை. இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

ஒரு வயர் ஹை, இன்னொன்று லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். யாராவது பேசும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். கேட்கிறவர் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். இரண்டு வயரையும் முறுக்கி வைத்திருப்பது அதற்காகத்தான். வெளியிலிருந்து இரைச்சல் விழுந்தால் இரண்டிலும் ஒரே அளவு விழும், வித்தியாசம் அப்படியே இருக்கும்.

வயர் முனையில் போய் மோதிய சிக்னல் எதிரொலித்துத் திரும்பாமல் இருக்க இரண்டு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுவார்கள். இரண்டு 120 பக்கவாட்டில் சேர்ந்தால் 60. பெரும்பாலான வண்டிகளில் ஓபிடி கப்ளரின் 6ஆம் பின் ஹை, 14ஆம் பின் லோ. அங்கே 120 காட்டினால் ஒரு முனையோ வழியில் எங்கோ வயரோ விட்டுப்போயிருக்கிறது. சைபருக்குப் பக்கத்தில் காட்டினால் ஹையும் லோவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்போது ஸ்கேன்_மாஸ்டருக்கு. 60 வந்ததால் பஸ் முழுவதும் சுத்தம் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த இரண்டு ரெசிஸ்டரும் பல வண்டிகளில் இன்ஜின் இசியுவிலும் மீட்டரிலும் அல்லது பிசிஎம்மிலும் இருக்கும். ஏபிஎஸ் நடுவழியில் ஒரு கிளையில் தொங்கும். அந்தக் கிளை வயரைக் கத்தரிக்கோலால் வெட்டிப்போட்டாலும் ஓபிடியில் 60 தான் காட்டும். மெயின் ரோடு திறந்திருக்கிறது என்பதற்குத்தான் 60 சாட்சி. சந்துக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. இன்னொன்று, அது வண்டி நிற்கும்போது எடுத்த அளவு. கோளாறு வருவது ஓடும்போது.

சிலர் கேட்வே (ஓபிடிக்கும் உள்ளே இருக்கும் பஸ்களுக்கும் நடுவே நிற்கும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டியில் ஓபிடியில் அளந்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். அங்கே அளப்பது கேட்வே வரைக்கும் உள்ள வயரை மட்டும். சரி, அது தனிப் புலம்பல்.

நாமக்கல்_12சக்கரம் | திங்கள், காலை 11.20

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் லாரி பிஎஸ்6. நாக்ஸ் சென்சார் (புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது) தொடர்பு இல்லை என்று கோட் வந்து, யூரியா விளக்கு எரிந்து, பவரைக் குறைத்துவிடுகிறது. சென்சார் ஏற்கெனவே ஒருமுறை மாற்றியாகிவிட்டது. இந்த இழையைப் பார்த்துவிட்டு எங்கள் எலக்ட்ரீஷியன் அளந்து பார்த்தார். 40.2 ஓம். 60ஐவிடக் குறைந்தால் நல்லதா?

மட்டுறுத்துநர் | திங்கள், பகல் 12.02

முதல் பதிவின் படத்தில் வண்டி நம்பர் தெரிந்தது, நீக்கிவிட்டேன். மறைத்துவிட்டு மறுபடி ஏற்றவும். லாரிக் கேள்வியை இப்போதைக்கு இங்கேயே விடுகிறேன், விஷயம் ஒன்றுதான்.

டூயல்_சேனல் | திங்கள், பகல் 1.10

நாமக்கல் அண்ணே, 40 நல்லதில்லை. 120ஐ மூன்றால் வகுத்தால் 40. யாரோ மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டரை உள்ளே நுழைத்திருக்கிறார்கள். உங்கள் நாக்ஸ் சென்சாரும் தனியாக ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான், அதே கேன் வயரில்தான் பேசுகிறது. மூன்று ரெசிஸ்டரின் பாரத்தில் சிக்னல் உயரம் குறையும். சில நாள் ஓடும், சில நாள் மக்கர் பண்ணும். சமீபத்தில் வண்டியில் புதிதாக என்ன மாட்டினீர்கள்?

நாமக்கல்_12சக்கரம் | திங்கள், பகல் 1.34

டீசல் திருட்டுக்காக ட்ராக்கர் மாட்டினோம். டேங்க் அளவு போனில் தெரியும். மூன்று மாதம் இருக்கும்.

கோட் வர ஆரம்பித்ததும் மூன்று மாதமாகத்தான். அட.

கரூர்_பட்டறை | திங்கள், இரவு 8.48

பழைய எர்த்து அண்ணா, முதல் கேள்விக்குப் பதில். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் யு வரிசையில், அதாவது தொடர்பு இல்லை என்கிற வகையில், ஒரு கோட்கூட இல்லை. ஒரே ஒரு சி வரிசைக் கோட் மட்டும் பழையதாகக் கிடக்கிறது: சப்ளை வோல்டேஜ் குறைவு. போன வாரம் பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் வந்திருக்கும் என்று நினைத்து அழித்தேன். இன்று மறுபடி அதே கோட் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு: ஓனரைக் கேட்டேன். இடிபடவே இல்லை என்று அடித்துச் சொல்கிறார்.

பழைய_எர்த்து | திங்கள், இரவு 9.27

அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது தம்பி.

கேன் வயர் விட்டுப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏபிஎஸ்ஸுக்குக் கரண்ட் இருக்கும், உயிரோடு இருக்கும், ஆனால் யார் பேசுவதும் அதற்குக் கேட்காது. அப்போது அதுவும் தன் பங்குக்கு "இன்ஜினைக் காணவில்லை, பிசிஎம்மைக் காணவில்லை" என்று யு0100, யு0140 எழுதி வைத்திருக்கும். இரண்டு பக்கமும் புகார் இருந்தால் வயரைத் தேடு. இங்கே ஏபிஎஸ் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது மயங்கிக் கிடந்திருக்கிறது. எழுந்ததும் அது சொன்ன ஒரே வார்த்தை "எனக்குச் சாப்பாடு வரவில்லை" என்பது. அதைத்தான் நீங்கள் அழித்துவிட்டீர்கள்.

யு0121இல் பெயர் வருகிறவன் குரல் கேட்காமல் போனவன். அவனையே கழற்றிப் போடு என்று அந்தக் கோட் எங்கேயும் சொல்லவில்லை. 46,000 ரூபாய் அதைத் தப்பாகப் படித்ததற்கான செலவு.

அடுத்தது கோளாறு வரும் நேரம். கிளம்பித் தெருமுனைக்குள் என்கிறீர்கள். பல வண்டிகளில் சாவி போட்ட பிறகு முதல் முறை கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஏபிஎஸ் தன் பம்ப் மோட்டாரை அரை நொடி ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். காது கொடுத்தால் பானெட்டுக்குள் "டர்" என்று கேட்கும். அந்த அரை நொடியில் மோட்டார் 20, 30 ஆம்பியர் இழுக்கும், சுற்றத் தொடங்கும் கணத்தில் அதற்கும் மேல். எர்த் மோசமாக இருந்தால் யூனிட் அப்போதுதான் மயங்கும்.

நாளைக்கு இதைச் செய்யுங்கள். ஏபிஎஸ் கப்ளரைக் கழற்றுங்கள். ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை எடுத்து ஒரு வயரைப் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றைக் கப்ளரின் எர்த் பின்னிலும் கொடுங்கள். பல்பு எரியும்போது, அந்த எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வோல்ட் அளங்கள். 0.1க்குக் கீழே இருக்க வேண்டும். கப்ளரில் இரண்டு எர்த் பின் இருந்தால் இரண்டிலும் செய்யுங்கள். பிளஸ் பின்களையும் இதே மாதிரி பல்பைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மீட்டர் முள்ளைப் பின்னுக்குள் திணிக்காதீர்கள், பின் அகன்றுபோனால் நீங்களே புதுக் கோளாறு ஒன்றைச் செய்தவர் ஆவீர்கள்.

ஸ்கேன்_மாஸ்டர் | திங்கள், இரவு 9.50

அண்ணே, மரியாதையோடு கேட்கிறேன். அவர்தான் எர்த் 0.4 ஓம் என்று அளந்துவிட்டாரே. அதற்கு மேல் என்ன பல்பு?

பழைய_எர்த்து | திங்கள், இரவு 10.14

மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். மீட்டரின் வயரே எவ்வளவு காட்டுகிறது?

கரூர்_பட்டறை | திங்கள், இரவு 10.20

0.2 காட்டுகிறது.

பழைய_எர்த்து | திங்கள், இரவு 10.36

அப்போது எர்த் வழியில் 0.2 ஓம் இருக்கிறது. கேட்பதற்குத் தூசு மாதிரி இருக்கும், பீப்பும் அடிக்கும். மோட்டார் இழுக்கும் 30 ஆம்பியரால் பெருக்குங்கள். 6 வோல்ட். ஆல்டர்னேட்டர் தரும் 14இல் 6 எர்த் வழியிலேயே காணாமல் போனால் யூனிட்டுக்கு மிஞ்சுவது 8. அதில் எந்த ஏபிஎஸ் விழித்திருக்கும்?

ஓம் மீட்டர் அளக்கும்போது அனுப்புவது மில்லியாம்பியர் கணக்கில். தண்ணீர்க் குழாயில் விரல் நுழைகிற ஓட்டை இருந்தால் சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீருக்கு அது தாராளம். மோட்டாரைப் போட்டால்தானே அடைப்பு தெரியும்?

யாழ்_கராஜ் | செவ்வாய், காலை 7.05

நல்ல விளக்கம் அண்ணை. இதற்கு நேர்மாறான ஒன்று எங்கள் கராஜுக்கு வந்தது. ஒரு ஹைப்ரிட் வாகனம், ஸ்கானர் எந்த மொடியூலையும் எடுக்கவில்லை, ஸ்டார்ட்டும் இல்லை. ஹையில் சைபர் வோல்ட், அதாவது அது வாகனத்தின் பொடியில் (பாடித் தகரத்தில்) முட்டி நிற்கிறது. மொடியூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தோம். எல்லாம் கழற்றியும் சைபர்தான். அப்படியென்றால் பிழை மொடியூலில் இல்லை, வயரில். கடைசியில் பார்த்தால் ரிவர்ஸ் கமரா பூட்டினவர் அடித்த ஸ்க்ரூ ஒன்று வயரிங்குக்குள்ளால் போய் ஹை வயரைக் குத்தி நின்றது. ஸ்க்ரூவைக் கழற்றின உடனே ஹை 2.6 காட்டியது, லோ 2.4. இரண்டையும் கூட்டினால் 5 வருகிறதா என்று பார்ப்பது என் பழக்கம்.

முழுப் பஸ்ஸும் விழுந்தால் ஒருவழி, ஒருவர் மட்டும் விழுந்தால் வேறுவழி. கரூர் அண்ணையின் வாகனம் இரண்டாவது வகை.

டூயல்_சேனல் | செவ்வாய், காலை 9.30

கரூர், எர்த்தைத் தொடுவதற்கு முன் ஒரு உதவி. யாரிடமாவது வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் இரண்டு சேனல் ஆஸிலோஸ்கோப் கிடைத்தால், கோளாறு வரும் கணத்தில் ஹை, லோ இரண்டையும் பிடித்துவிடுங்கள். எர்த் சரியாகப் பிடிக்காமல் மிதக்கும் யூனிட் பேசும் ஃபிரேம்கள் (ஒவ்வொரு செய்தியும் ஒரு ஃபிரேம்) மட்டும் மற்றவர்களுடையதைவிட உயர்ந்து தெரிய வேண்டும். சரிசெய்துவிட்டால் அதைப் பார்க்கவே முடியாது.

கரூர்_பட்டறை | செவ்வாய், இரவு 10.55

கிடைத்துவிட்டது. கை இன்னும் கிரீஸ் வாசம், இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

காலையில் பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் நண்பரிடம் ஸ்கோப் வாங்கினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிடிக்க, நான் பட்டறைக்குப் பின்னால் உள்ள மண்ரோட்டில் ஓட்டினேன். மூன்றாவது தடவையில் விழுந்தது. "டர்" என்ற சத்தமும் முள் விழுந்ததும் ஒரே நேரம். திரையில் பார்த்தால் வரிசையாகப் போகும் ஃபிரேம்களில் ஒன்றிரண்டு மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் தூக்கி நிற்கின்றன, ஹையும் லோவும் சேர்ந்தே. அடுத்து அந்த ஃபிரேம்களே இல்லை. மற்றவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பல்பு போட்டேன். பிளஸ் பக்கம் 0.04, குறை இல்லை. எர்த் பக்கம் 0.93 வோல்ட். பல்பே கொஞ்சம் மங்கல்தான். அந்த நிலையில் வயரைக் கையால் அசைத்தேன், 0.93 இறங்கி 0.3 ஆகிறது, விட்டால் மறுபடி ஏறுகிறது.

இரண்டு எர்த் வயரும் இடதுபக்க ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரே போல்ட்டில் போய் இறங்குகின்றன. ஹெட்லைட்டைக் கழற்றினால்தான் கண்ணுக்கே தெரியும். கழற்றிப் பார்த்தேன். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. எடுத்தால் லக்குக்கு (வயர் முனையில் உள்ள வளையம்) அடியில் தகரத்தில் பளபளவென்று வெள்ளை பெயிண்ட். கம்பெனி பெயிண்ட் இல்லை, ஸ்ப்ரே அடித்தது. போல்ட்டின் மரையிலும் பெயிண்ட், அதன் நடுவே துரு. இத்தனை நாள் மரை தொட்ட ஓரிரண்டு இடம் வழியாகத்தான் எர்த் போய்க்கொண்டிருந்திருக்கிறது. யூனிட் மாற்றியபோது கிட்டை இழுத்து அசைத்திருப்பார்கள், அதில் இரண்டு நாள் தாக்குப்பிடித்திருக்கிறது.

உப்புத்தாள் போட்டுத் தகரம் தெரியும்வரை தேய்த்து, மரையைச் சுத்தம் செய்து, லக்கைத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினேன். அதே பல்பு, 0.02 வோல்ட். அதன்பிறகு பன்னிரண்டு தடவை அணைத்துப் போட்டு ஓட்டினேன், ஒருமுறைகூட விழவில்லை.

ஓனருக்குப் போன் செய்து பெயிண்ட் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தம்பி, நாலு மாசம் முன்னாடி பையன் கொண்டுபோய் ஒரு மாட்டு வண்டியில் விட்டான். டிங்கரிங் பண்ணினது வீட்டுக்காரிக்குத் தெரியாது. பில்லில் எழுதிவிடாதீங்க" என்றார்.

டெல்டா_டிரைவர் | செவ்வாய், இரவு 11.08

46,000 ரூபாய் யூனிட்டுக்கு உப்புத்தாள் பதில் சொல்லியிருக்கிறது! என் வண்டியும் போன வருடம் டிங்கரிங் போனது. நாளைக்கே ஹெட்லைட்டைக் கழற்றச் சொல்லப் போகிறேன்.

பழைய_எர்த்து | புதன், காலை 6.15

பிரச்சினை இல்லாத வண்டியைக் கழற்றாதீங்க சார். பல்பு போட்டு அளந்தால் போதும்.

கரூர் தம்பி, ஸ்கோப் படத்தைக் கண்டிப்பாகப் போடுங்கள். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். ஓனரின் பையனைக் கேட்டதாகவும் சொல்லுங்கள், மாட்டையும்.

ஸ்கேன்_மாஸ்டர் | புதன், காலை 8.40

ஒத்துக்கொள்கிறேன், நான் சொன்னது தப்பு. இந்த வாரம் இங்கே யு0131 என்று ஒரு வண்டி நிற்கிறது. ஸ்டியரிங் யூனிட்டுக்கு விலை கேட்டு வைத்திருந்தேன். ஆர்டரை நிறுத்திவிட்டு முதலில் அந்த யூனிட்டுக்குள் இருக்கும் கோட்களைப் படிக்கிறேன். பழைய யூனிட்டை ஓனர் திருப்பிக் கேட்டாரா?

கரூர்_பட்டறை | புதன், காலை 9.02

கேட்டாராம். காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார்களாம்.

நாமக்கல்_12சக்கரம் | புதன், மாலை 5.30

ட்ராக்கரின் கேன் வயரை மட்டும் பிரித்துவிட்டு அளந்தோம். 60.3 ஓம். கோயம்புத்தூர் போய்ச் சரக்கு இறக்கிவிட்டு வந்தாயிற்று, விளக்கு எரியவில்லை, பவரும் குறையவில்லை. ஆனால் டேங்க் அளவு போனில் வரவில்லை என்று முதலாளி கத்துகிறார். என்ன செய்வது?

டூயல்_சேனல் | புதன், மாலை 6.12

ட்ராக்கர் மாட்டியவரிடம் உள்ளே இருக்கும் 120 ஓமை எடுக்கச் சொல்லுங்கள். பல பெட்டிகளில் அது சின்ன ஜம்பராகவோ சுவிட்சாகவோ இருக்கும், கழற்றினால் போதும். மாட்டும்போது பழைய இடத்தில் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். சால்டர் வைத்து, ஹையையும் லோவையும் முறுக்கிய மாதிரியே கொண்டுபோகட்டும். மாட்டிய பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். 60 வந்தால் முதலாளியிடம் போனைக் கொடுங்கள்.